செட்டிநாட்டுக் குளியலறைக்கு எந்தத் தட்டு நிலைக்கும்?

குளியலறையில் சோப்பு, ஷாம்பு வைக்கத் தட்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் கடைக்குப் போகிறார்கள், சுவரைக் கடைசியில் பார்க்கிறார்கள். செட்டிநாட்டில் இந்த வரிசை மாற வேண்டும். காரைக்குடியில் இப்போது எழும்பும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கும், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தலைமுறைகளாக நிற்கும், முற்றம் வைத்த வளவு வீட்டுக்கும் சுவரே வேறு. புழங்கும் ஆட்களின் எண்ணிக்கையும் வேறு. ஒரு வீட்டில் பத்து ஆண்டு உழைக்கும் தட்டு இன்னொரு வீட்டில் சுவரையே பெயர்த்துவிடும்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கட்டுகிற, நாள்தோறும் ஆட்கள் இருக்கிற வீட்டுக்குக் கட்டும்போதே பதிக்கிற கிரானைட் மூலைத்தட்டுதான் சிறந்தது. பழைய சுண்ணாம்புச் சுவரில் எதையும் மாட்டக் கூடாது, தரையில் நிற்கும் ஸ்டாண்டு போதும். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கதவு வைத்த அலமாரி எதுவும் ஆகாது.

எதை வைக்கப் போகிறோம் என்பதில் தெளிவு வந்தால் பாதி வேலை முடிந்தது. நம் குளியலறையில் அன்றாடம் கை போகும் பொருள்கள் அதிகம் இல்லை. சோப்பு, ஷாம்பு, பல் துலக்கும் பொருள்கள், மஞ்சள், சீயக்காய் டப்பா, பீர்க்கங்காய் நார், வாரம் ஒருமுறை நல்லெண்ணெய். இருப்பு வைக்கும் சோப்புக் கட்டு, மாற்றுத் துண்டு, மாத்திரை மருந்து ஆகியவற்றுக்குக் குளியலறை இடமே அல்ல. வெந்நீர் ஆவியிலும் ஈரத்திலும் மாத்திரை கெட்டுப்போகும். மடித்து வைத்த துண்டில் பூசண வாடை ஏறிவிடும். இவற்றைப் படுக்கையறை அலமாரிக்கு மாற்றிவிட்டால், 'இடம் போதவில்லை' என்று சொல்கிற பெரும்பாலான குளியலறைகளில் இடம் தானாகக் கிடைத்துவிடும்.

நம் குளியல் முறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடைகளின் விளம்பரப் படங்களில் எல்லாரும் ஷவரின் கீழ் நின்று குளிக்கிறார்கள். நம் வீடுகளில் வாளியும் மக்கும்தான் இன்னும் வழக்கம். ஆச்சிமார்கள் முக்காலியில் உட்கார்ந்து குளிக்கிறார்கள். நான்கடி உயரத்தில் மட்டும் தட்டு வைத்தால், எண்ணெய் வழுக்கும் ஈரத்தரையில் அவர்கள் எழுந்து நின்று கையை நீட்ட வேண்டியிருக்கும். வயதானவர்கள் விழுவது இப்படித்தான். ஆகவே எந்த வகைத் தட்டைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றைத் தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் வையுங்கள்; நின்று குளிப்பவர்களுக்கு நான்கடி உயரத்தில் இன்னொன்று.

இனி வகைகளைப் பார்ப்போம்.

சுவருக்குள்ளேயே குடைந்து வைக்கும் மாடம் நமக்குப் புதிதல்ல. விளக்கு மாடம் இல்லாத பழைய வீடு இங்கே கிடையாது. கனத்த சுவர் என்பதால் அன்று அது எளிதாக அமைந்தது. இன்று ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இருந்தால் மட்டும் மாடத்தை யோசியுங்கள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் மாடம் குடைந்தால் மறுபக்கத்தில் பூச்சு மட்டும்தான் மிஞ்சும். கான்கிரீட் தூண் இருக்கும் இடத்திலும், குழாய் ஓடும் சுவரிலும் கை வைக்கவே கூடாது. டைல்ஸ் ஒட்டிய பிறகு நாலு அங்குல ஆழம் கிடைத்தால் போதும். உயரம் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மேலிருந்து அழுத்தும் பம்பு வைத்த பெரிய ஷாம்பு புட்டி அதற்குக் குறைந்த இடத்தில் நுழையாது, நுழைந்தாலும் அழுத்த முடியாது.

மாடத்தின் அழகு எனக்கும் பிடிக்கும். வெளியே துருத்தாது, தோளில் இடிக்காது, துருப்பிடிக்க அதில் எதுவும் இல்லை. ஆனால் அதன் ஆயுள் முழுவதும் கொத்தனாரின் கையில் இருக்கிறது. அடித்தளம் மட்டப்பலகை வைத்தது போல் சமமாக இருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பக்கம் சரிவு வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் உள்மூலைகள் எல்லாவற்றிலும் நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கை அடிக்க வேண்டும். அடித்தளத்துக்கு இரண்டு துண்டு டைல்ஸ் வைத்து நடுவே இணைப்பு விடாமல், ஒரே கல்லாகப் பதிக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் இரண்டாம் ஆண்டில் சுவரின் மறுபக்கத்தில், பெரும்பாலும் படுக்கையறைப் பக்கத்தில், வண்ணப்பூச்சு பொரிந்து எழும். பக்கத்தில் நின்று வேலை வாங்க முடியாதவர்கள், குறிப்பாக வெளியூரிலிருந்து பணம் அனுப்பிக் கட்டுகிறவர்கள், மாடத்தை விட்டுவிடுவது நல்லது.

அந்தக் கவலை குறைவாக உள்ளது கல் தட்டு. இங்கே நெடுங்காலமாகக் கைக்குக் கிடைத்தது கடப்பைக் கல். சமையலறை அலமாரிக்கும், பாத்திர மேடைக்கும் அதைப் போட்டே பழகிவிட்டோம். குளியலறைக்கு மட்டும் அது சரிவராது. கடப்பைக் கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. கழிப்பறை கழுவும் அமிலம் ஒரு சொட்டு தெறித்தால் அந்த இடத்தில் கருமை போய் வெள்ளைத் தழும்பு விழும், எத்தனை தேய்த்தாலும் அது மாறாது. கிரானைட்டுக்கு இந்தப் பலவீனம் மிகக் குறைவு.

கிரானைட் என்றதும் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். சமையலறை மேடையில் தொட்டி பதிப்பதற்காக நடுவில் ஒரு துண்டை அறுத்து எடுப்பார்கள். அது ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு இரண்டடி இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கல்தான் அது. பெரும்பாலான வீடுகளில் அது கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகப் போய்விடுகிறது, அல்லது வேலைக்கு வந்தவர்களோடு போய்விடுகிறது. அதிலிருந்து ஒன்பது அங்குலச் சதுரங்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை அறுத்தால் சதுரத்துக்கு இரண்டு மூலைத்தட்டுகள் கிடைக்கும். ஒரே துண்டில் இரண்டு குளியலறைக்கும் போதுமான தட்டுகள் வந்துவிடும். முன் விளிம்பை உருட்டிப் பாலிஷ் போடச் சொல்லுங்கள், பிள்ளைகளின் தலையில் கூர்முனை படக் கூடாது. அடிப்பக்கத்தில் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய காடி இழுக்கச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அந்தக் காடியோடு நின்று கீழே சொட்டிவிடும், அடிப்பக்கமாக ஓடிச் சுவரைத் தொடாது. இந்தக் காடியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தட்டுக்குக் கீழே சுவரில் கறுப்புக் கறை இறங்குவதற்குக் காரணம் அதுதான்.

மூலையில் பதித்தால் இரண்டு பக்கச் சுவரும் கல்லைத் தாங்கும். டைல்ஸ் ஒட்டும்போதே முக்கால் அங்குலம் சுவருக்குள் போகுமாறு பதிக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு பசை வைத்து ஒட்டும் கல் தட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு தட்டு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அது ஈரக்காலின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

எண்ணெய்க் குளியல் நாளில் கல்லின் மதிப்பு தெரியும். நல்லெண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் ஒரு வளையம் படியும். அதன் மேல் சீயக்காய்த் தூள் விழுந்து, சோப்பு நுரை சேர்ந்து, காய்ந்து, மறுவாரம் நகத்தால் சுரண்டினாலும் வராத பழுப்புப் பட்டையாகிவிடும். பாலிஷ் போட்ட கிரானைட்டில் வெந்நீர் ஊற்றிக் கைப்பிடித் தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். கம்பி ஸ்டாண்டில் ஒவ்வொரு கம்பியாகத் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் தேய்க்கத் தேய்க்கக் கீறல் விழுந்து, அந்தக் கீறலிலேயே அடுத்த அழுக்கு குடியேறும்.

கட்டி முடித்த வீட்டில் கல் பதிக்க முடியாதவர்கள் ஸ்டீல் தட்டுக்குத்தான் போகிறார்கள். இங்கே ஏமாற்றம் அதிகம். கடையில் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை, அதனால் துருப்பிடிக்காது என்பார்கள். காந்தத்தில் ஒட்டாததில் 202 என்ற ரகமும் உண்டு, 304 என்ற ரகமும் உண்டு. காந்தம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். ஈரமான அறையில் தாக்குப்பிடிப்பது 304. பில்லில் '304' என்று எழுதிக் கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

304 என்றாலும் அது எல்லாவற்றையும் தாங்கும் என்று பொருளல்ல. காரைக்குடிக்காரர்களுக்கு 'சிக்ரி' என்றால் தெரியும். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். உலோகம் ஏன் அரிக்கிறது என்பதையே ஒரு துறையாக ஆராய்கிற நிறுவனம் நம் ஊரில் இருக்கிறது. அந்த அறிவியலின் அரிச்சுவடி குளியலறைக்கு அப்படியே பொருந்தும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடுப் படலம். அதைக் குத்தித் துளைப்பது குளோரைடு. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவியே குளோரைடைச் சுமந்து வரும். பிளீச்சிங் பவுடரிலும் குளோரைடு உண்டு. உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரிலும் உண்டு. மூடி சரியாகப் பொருந்தாத அமிலப் புட்டியை ஸ்டீல் தட்டிலேயே வைத்துவிட்டு, 'நல்ல ஸ்டீல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், துருப்பிடித்துவிட்டது' என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தட்டு 304-ஆக இருக்கும், அதோடு பொட்டலத்தில் வரும் திருகாணி முலாம் பூசிய இரும்பாக இருக்கும். ஓராண்டில் திருகாணித் தலையிலிருந்து டைல்ஸின் மேல் பழுப்புக் கோடு ஒன்று இறங்கும். பார்ப்பவர்கள் தட்டைக் குறை சொல்வார்கள். மாட்டுவதற்கு முன்பே திருகாணிகளை ஹார்டுவேர் கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிக்கொள்ளுங்கள். செலவு மிகச் சிறியது. துளை போடும் இடம் இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டில் அமைந்தால், பின்னாளில் தட்டைக் கழற்றினாலும் டைல்ஸ் பிழைக்கும்.

கண்ணாடித் தட்டு முகம் கழுவும் தொட்டிக்கு மேலே மட்டும் சரி. சோப்பு வழுக்கும் கை, பித்தளைச் சொம்பு, ஓடியாடும் பிள்ளைகள் உள்ள நம் குளியல் பகுதிக்கு வேண்டாம். பிளாஸ்டிக் மூலை ஸ்டாண்டு வாடகை வீட்டுக்குப் போதும். உறிஞ்சு கப் வைத்து ஒட்டுபவை வழவழப்பான டைல்ஸில் கொஞ்ச நாள் நிற்கும், சொரசொரப்பான டைல்ஸில் ஒரு வாரம்கூட நிற்காது.

மரமும் பலகையும் தனியாகப் பேச வேண்டியவை. வாஷ்பேசினுக்குக் கீழே அலமாரி போடும்போது தச்சர் மூன்று தேர்வுகள் சொல்வார்: பிளைவுட், மல்டிவுட் என்ற பிவிசி பலகை, தேக்கு. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைச் சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள், தண்ணீர் பட்டால் அது பிட்டு போல் உதிரும். பிளைவுட் என்றால், ஈரம் தாங்கும் பலகைக்கான இந்தியத் தர முத்திரையான ஐ.எஸ். 710 உள்ளதைக் கேளுங்கள். அது பசை விடாமல் ஈரத்தைத் தாங்கும். ஆனாலும் மரம் என்றால் கரையான் கவலை முழுதாகத் தீராது. செட்டிநாட்டுச் செம்மண்ணில் கரையானுக்குப் பஞ்சமில்லை. அதனால் குளியலறைக்குள் என்றால் என் தேர்வு மல்டிவுட். பார்வைக்கு மரத்தின் கனிவு அதில் வராது, திருகாணிப் பிடிப்பும் கொஞ்சம் குறைவு, கீல்களைத் தரமானதாக வாங்க வேண்டும். ஆனாலும் தண்ணீரும் கரையானும் அதை ஒன்றும் செய்யாது. எதைப் போட்டாலும் தரையில் உட்கார்த்தாதீர்கள். அரை அடியாவது மேலே தொங்கட்டும், அடியில் துடைப்பம் போக வேண்டும். தேக்கை ஈரம் படாத உடை மாற்றும் பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் சிறிய தேக்கு ஸ்டூல்கள் அங்கே கச்சிதமாகப் பொருந்தும். அதே தெருவில் கிடைக்கும் எனாமல் தட்டுகளையும் பாருங்கள். எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் வைக்க அதைவிட நல்லதில்லை. கண்ணாடிப் பூச்சு என்பதால் எண்ணெய் ஊறாது. ஓரம் பெயர்ந்து இரும்பு தெரியும் தட்டை மட்டும் தவிருங்கள், அந்த இடத்தில் துரு தொடங்கிவிட்டிருக்கும்.

ஓலையில் பின்னிய கூடையான கொட்டானில் சோப்பும் துண்டும் அடுக்கி வைத்துப் படம் எடுப்பது இப்போது பரவலாகிவிட்டது. நம் பெண்களின் கைவேலை, புவிசார் குறியீடு பெற்றது, பார்க்கவே மனம் நிறைகிறது. ஈரம் இல்லாத அறையில், மாற்றுத் துண்டுக்கும் சீப்புக்கும் அதை வையுங்கள். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும், அந்த உழைப்புக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

ஆத்தங்குடி டைல்ஸை மாடத்தின் பின்சுவரில் பதிக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அது சூளையில் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, மணலும் சிமென்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. எண்ணெயை உறிஞ்சும், அமிலம் பட்டால் வண்ணம் வெளுக்கும். வாஷ்பேசின் பக்கத்தில் அலங்காரத்துக்கு ஓரிரு டைல்ஸ் வைக்கலாம், சோப்பும் சீயக்காயும் இருக்கும் மாடத்தில் வேண்டாம்.

இப்போது பழைய வீட்டுக்கு வருகிறேன். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பெருமைக்குக் காரணமான சுவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்து எழுப்பி, கடுக்காய், கருப்பட்டி நீர், முட்டை வெள்ளைக்கரு கலந்த மேல்பூச்சைப் பூச்சு மேல் பூச்சாகத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கியவை. 'நாலு துளைதான் ஆச்சி, அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்' என்று பிளம்பர் சொல்வார். சிமென்டுச் சுவருக்குப் பழகிய டிரில் இங்கே சாந்தைப் பொடியாக உதிர்க்கும். போட்ட துளை வாய் அகன்றுவிடும், பிளக் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று பக்கத்தில் இன்னொரு துளை. ஒட்டும் கொக்கிகளும் தப்பில்லாதவை அல்ல. கழற்றும்போது மேல்பூச்சைச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டு வரும். அதைத் திரும்பச் சேர்க்கத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு.

அதைவிடப் பெரிய கேடு, அந்தச் சுவரின் மேல் சிமென்டு பூசி டைல்ஸ் ஒட்டுவது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் முகத்தின் வழியாக வெளியே விடும். சிமென்டு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் டைல்ஸ் முடியும் உயரத்துக்கு மேலே ஏறி, அங்கே உப்புப் பூத்துப் பூச்சைத் தள்ளும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு குளியலறை கட்டிக்கொள்ள இடம் இருக்கும் வீடுகளே இங்கே அதிகம். தட்டு, மாடம், டைல்ஸ் எல்லாம் அந்தப் புதிய சுவரில் இருக்கட்டும். பழைய அறையையே புழங்குகிறவர்களுக்கு 304 ஸ்டீல் குழாயில் செய்த, தரையில் நிற்கும் மூன்றடுக்கு ஸ்டாண்டு போதும். காரைக்குடி, தேவகோட்டை வெல்டிங் பட்டறைகளில் அளவு சொன்னால் செய்து கொடுப்பார்கள். கால்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள்.

பொங்கலுக்கும் பிள்ளையார் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற, பங்காளிகள் பலருக்கும் பொதுவான பங்கு வீடுகளின் தேவை இவை எல்லாவற்றிலிருந்தும் மாறுபட்டது. மாதக்கணக்கில் ஆள் இல்லாத அறையில் கதவு வைத்த அலமாரி என்பது கரப்பானுக்கும் எலிக்கும் கட்டிக்கொடுத்த வீடு. மிச்சம் வைத்துப் போன சோப்பை எலி தின்னும். ஆகவே ஊருக்குக் கிளம்பும்போது தட்டுகள் காலியாக இருக்க வேண்டும், துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். திறந்த தட்டென்றால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். விசேஷ நாளில் ஒரே குளியலறைக்கு இருபது பேர் வரிசையில் நிற்கும்போது தட்டு எத்தனை இருந்தாலும் போதாது. அப்போது உதவுவது கொக்கிகளும் கொடிக்கம்பியும்தான். குடும்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் அவரவர் சோப்பும் பிரஷும். குளிக்கப் போகும்போது எடுத்துப் போய், வரும்போது கையோடு கொண்டுவந்துவிட வேண்டும். புதிய சுவரில், கதவுக்குப் பக்கத்தில், ஐந்தரை அடியில் ஒரு வரிசைக் கொக்கியும், பிள்ளைகளுக்கு மூன்றரை அடியில் இன்னொரு வரிசையும் அடித்துவிடுங்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அந்தக் கொக்கியில் மாட்ட யாரையும் விடாதீர்கள்.

கழுவும் பொருள்களுக்கான இடம், எந்த வீடானாலும், மற்றத் தட்டுகளிலிருந்து விலகி இருக்க வேண்டும். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சிறிதான குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அமிலப் புட்டி குளியலறைக்கு வெளியே, கொல்லைப்புறத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் இருக்கட்டும். பிளீச்சிங் பவுடர் இறுக மூடிய டப்பாவில் வேறொரு பக்கம் இருக்கட்டும். கிரானைட் தட்டையும் ஸ்டீல் ஸ்டாண்டையும் கழுவ இவை இரண்டுமே தேவையில்லை. பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும், கழுவிய பிறகு ஒரு காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.